தமிழ்நிலா எழுதாத பெயர்

அடிபட்டு ஏசுராஜின் முதல் பல் விழுந்தபோது முத்தம்மா சாலையோரத்தில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்துக்கும் நடுவே நூறடி இருந்தால் அதிகம். ஐப்பசி மழைக்காக எல்லாக் கடைக்காரிகளும் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதனால் அவளுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. கடற்கரையில் இரைச்சல் புதிதா என்ன என்று அவள் கத்தியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

எதிரே ஆட்டோக்காரர் காதர் குந்தியிருந்தார். வாரம் தவறாமல் சனிக்கிழமை அவளிடம்தான் மீன் வாங்குவார். அவர் மகள் ஜோயாவும் முத்தம்மாவின் மகள் தமிழ்நிலாவும் மந்தைவெளியில் ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு.

"தல வேணுமா பாய்?"

"போடுக்கா. கொயம்புக்கு தலதான் ருசி. அத்த வுடு, உம் பொண்ணு கத கேட்டியா? கிளாஸ் குரூப்புல டீச்சர் போட்டுகீறாங்கோ."

"எங்க கேக்கறது, போனு பொண்ணுகிட்ட கீது. போடு கேப்போம்."

காதர் போனை மீன் பலகை ஓரமாக நீட்டினார். அலைச் சத்தம் வந்தது. பிறகு ஒரு சிறுமியின் குரல். டிவி விளம்பரத்தில் சோப்பு விற்கும் பிள்ளையின் குரல் மாதிரி அவ்வளவு இனிப்பு.

"இது எம் பொண்ணு கொரலு இல்லியே."

"மிஷினு பேசுது. கத உம் பொண்ணோடது. நம்மளுக்குப் படிக்க வராதுன்னு டீச்சர் பேச வெச்சு அனுப்பிகீறாங்கோ. கேளு."

குரல் சொன்னது: "காற்று பேயாக வீசிய ஆனி மாதக் காலை அது. வலைக்காக இரு படகுக்காரர்களும் மோதிக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து பாய்ந்தார் ஏசுராஜ் மாமா. அவர் கையில் மீன் வெட்டும் கத்தி மின்னியது. சூசையின் இரண்டு விரல்கள் மணலில் விழுந்தன…"

முத்தம்மாவின் கையிலிருந்த வஞ்சிரத் தலை நழுவிக் கூடையில் விழுந்தது.

"பாய், இத்த எத்தினி பேரு கேட்டுகீறாங்கோ?"

"நேத்து சாயங்காலமே வந்துது. குப்பத்துல பாதிப் புள்ளைங்க அந்த ஸ்கூலுதானே?"

அவள் எழுந்து ஓடினாள். கத்தி கையிலேயே இருந்தது. பாதி வழியில்தான் அதைப் பார்த்து மணலில் வீசினாள்.

*

ஆனி மாதம் நடந்தது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யார் செய்தது என்பது மட்டும்தான் தெரியாது. தேசப்பனின் வலையும் சுப்பராயனின் வலையும் கடலில் சிக்கிக்கொண்டன. கரைக்கு வந்து இழுபறி, கைகலப்பு. பதினான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்ட நேரத்தில் தேசப்பனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பின்னாலிருந்து வெட்டியவனை அவன் பார்க்கவில்லை.

போலீசுக்குப் போனால் இரண்டு தெருவும் ஜென்மத்துக்கும் வெட்டிக்கொண்டு சாகும் என்று பஞ்சாயத்தார் பயந்தார்கள். அவர்கள் செய்தது இதுதான்: பதினான்கு பேரையும் அம்மன் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவனும் கையில் கற்பூரம் ஏந்தி, "குத்தம் எங்க எல்லாரோடதும்" என்று சொன்னான். இனி யாரும் பெயர் கேட்கக்கூடாது, யாரும் பெயர் சொல்லக்கூடாது. அதோடு ஊர் அமைதியானது. அமைதி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாமிக்கு முன்னால் பாதியைச் சொல்லி பாதியை விழுங்கினால் அது வயிற்றில் கிடந்து என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

முத்தம்மாவுக்குப் பெயர் தெரியும். அன்றைக்கு அந்த லுங்கியை அலசியவள் அவள்தான். சுப்பராயன், அவள் புருஷன்.

*

ஏசுராஜை விளக்குக் கம்பத்தில் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவனை அப்படியே இழுத்து வந்திருக்கிறார்கள். ஊசி இன்னும் சட்டையில் தொங்கியது. தேசப்பனின் தம்பி ஏழுமலை துடுப்பைத் திருப்பிப் பிடித்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் கம்பம் அதிர்ந்து மேலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. ஏசுராஜின் வாய் கிழிந்து காதுவரை வீங்கியிருந்தது. அவன் பெண்டாட்டி தரையில் விழுந்து ஏழுமலையின் காலைப் பிடித்தாள். அவன் உதறிய உதறலில் அவள் நெற்றி படகின் விளிம்பில் இடித்தது.

"நான் இல்லடா! மாதா மேல சத்தியமாடா!"

"கற்பூரத்த ஏந்திக்கினு சத்தியம் பண்ணவன்தானேடா நீ! பேமானி!"

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் தேசப்பன் உட்கார்ந்திருந்தான். மூன்று விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "ஏ ஏழுமல, வெட்டுப்பட்டவன் பேரு சூசைன்னு வருதேபா. நம்ம தேசப்பன்னு வர்லியே?"

"அத்த மட்டும் மாத்திகீறா அந்தப் பொண்ணு. விவரமானவ. வெட்டுனவன் பேர மாத்தல பாரு!"

கூட்டத்துக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

முத்தம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே தேசப்பனின் பெண்டாட்டி காவேரி, தமிழ்நிலாவின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வாசலில் தள்ளியிருந்தாள். தினமும் உப்புக்கும் பச்சை மிளகாய்க்கும் இந்த வீட்டுக்கு வந்து போகிறவள்.

"தெனிக்கும் எங்க வூட்டாண்ட வந்து வெளாண்டுக்கினு கீறியேடி! எம் புருசனுக்கு நான் சோறு ஊட்றத பாத்துக்கினே கீறியேடி! எங்கிட்ட சொல்ல வாய் வர்ல, டீச்சராண்ட சொல்ல வாய் வந்துச்சா?"

"யக்கா, நான் பேரே எய்தல யக்கா! ஒருத்தர்னு தான் எய்துனேன்!"

முத்தம்மா பாய்ந்து காவேரியின் கையைப் பிரித்தாள். பிரித்த கையோடு மகளை அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மீன் செதில் ஒட்டிய கை. பிள்ளையின் கன்னத்தில் செதில்கள் மின்னின.

"ஏன்டி எய்துன? ஊரே வாயக் கட்டிக்கினு கீது, உனுக்கு இன்னாடி கேடு?"

"மறக்க முடியாத நாள்னு எய்த சொன்னாங்கோம்மா. எனக்கு அதான்மா மறக்க முடில." மூக்கிலிருந்து ரத்தம் வழிய அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் பாத்துட்டேன்மா. நைனாவப் பாத்துட்டேன்."

முத்தம்மாவின் ஓங்கிய கை நின்றது. காவேரி இரண்டடி தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை.

வெளியே மறுபடியும் துடுப்புச் சத்தம். வாயைத் திறந்தால் புருஷன் போவான். மூடிக்கொண்டால் ஒரு பாவமும் அறியாத ஏசுராஜ் சாவான். அவள் மகளிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"டீச்சரம்மாவுக்குப் பேசறது எப்டிடி? அழுத்திக் குடு."

பிள்ளை அழுத்திக் கொடுத்தாள். முத்தம்மா போனை வாயருகே வைத்துச் சொன்னாள்: "டீச்சரம்மா, நீங்க போட்ட கதையால இங்க ஒர்த்தன சாவடிக்கறாங்கோ. எம் பொண்ணு நோட்ட எட்துக்கினு ஓடியாங்க. சீக்கிரம் வாங்க."

*

மந்தைவெளி வீட்டில் மஹதி டீச்சர் தரையெல்லாம் கட்டுரை நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். நாற்பத்தாறு பிள்ளைகள். நந்தனத்தில் நடந்த மூன்று நாள் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பிறகு அவருடைய வேலை முறையே மாறியிருந்தது. நோட்டைப் போனில் படம் பிடிப்பார். செயலி கையெழுத்தைப் படித்துப் பிழைகளைப் பட்டியல் போடும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாடத்தை எளிதாக்கித் தரும். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குப் பிள்ளையின் கட்டுரையைக் குரலாக்கி அனுப்பலாமே என்பது அவராகவே யோசித்தது. நல்லெண்ணம்தான். வெள்ளிக்கிழமை தமிழ்நிலாவின் பக்கத்தைப் படம் பிடித்து, "இது மீனவர் குப்பத்தில் நடக்கிறது. பாத்திரங்களுக்கு அந்த ஊர்ப் பெயர்களாக வை. உரையாடலும் வர்ணனையும் சேர்" என்று செயலியிடம் சொன்னார். வந்ததில் முதல் அரை நிமிடம் கேட்டார். நன்றாக இருந்தது. அனுப்பிவிட்டார்.

முத்தம்மாவின் குரலைக் கேட்ட பிறகு இப்போதுதான் முழுவதும் கேட்டார். தமிழ்நிலாவின் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவர் குருபிரசாத் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க கிளம்பிண்டிருக்க இந்த மழைல?"

"குப்பத்துக்கு. ஸ்கூட்டர எடுங்கோ."

"அடிதடி நடக்கற எடத்துக்கா? போலீசுக்குச் சொல்லிட்டு ஆத்துல இரு, மஹதி."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. நான் வெச்ச பேரால ஒருத்தர் அடி வாங்கிண்டிருக்கார். நான் ஆத்துல உக்காந்துண்டு இருக்கறதாவது?"

அவர் தன் மழைக்கோட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வண்டியை ஓட்டினார்.

*

அவர்கள் வந்து சேர்ந்தபோது கடலுக்குப் போயிருந்த சுப்பராயனின் படகும் கரையை ஒட்டி வந்து நின்றிருந்தது. அவன் இடுப்பளவு தண்ணீரிலிருந்து நடந்து வந்தான். கம்பத்தைப் பார்த்தான். கட்டியிருப்பது யாரென்று அடையாளம் காணவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகம் அப்படியிருந்தது.

"இன்னாபா இது?"

"வெட்டுனவன் ஆப்டுட்டான் சுப்பராயா! உம் பொண்ணுதான் காட்டிக் குட்த்தா!"

சுப்பராயன் கூட்டத்துக்கு நடுவே மகளைத் தேடினான். முத்தம்மாவின் முந்தானைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் நின்றாள். நைனாவைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்தினாள்.

மஹதி டீச்சர் மணலில் செருப்பு புதையப் புதைய ஓடி வந்தார். "நிறுத்துங்க! அவரை அவிழ்த்து விடுங்க! அந்தப் பேரை இந்தப் பொண்ணு எழுதல!"

யாரோ வீசிய கிளிஞ்சல் கொத்து ஒன்று அவர் புருவத்தில் பட்டுத் தோலைக் கிழித்தது. குருபிரசாத் முன்னால் வந்தார். டீச்சர் அவரைக் கையால் தள்ளிவிட்டு, கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"'ஆனி மாதம் ஒரு காலையில் வலைக்காக எல்லாரும் சண்டை போட்டார்கள். பின்னால் இருந்து ஒருவர் வந்தார். அவர் கையில் கத்தி இருந்தது. இன்னொருவரின் இரண்டு விரல்கள் கீழே விழுந்தன. காக்கா எடுத்துப் போகக்கூடாது என்று நான் மணலால் மூடினேன். வெட்டியவர் கெட்டவர் இல்லை. அவர் யாருக்கும் தீங்கு செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் செய்தார் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.' இவ்வளவுதாங்க. இதுல எங்கயும் பேர் கிடையாது. பேர் வைக்கச் சொன்னது நான். வெச்சது மெஷின்."

ஏழுமலை சிரித்தான். "டீச்சர், மிஷினுக்கு எப்டி நம்ம ஏசுராஜத் தெரியும்? அது இன்னா கரைக்கு வந்து மீனு வாங்குதா?"

"அதுக்கு யாரையும் தெரியாதுங்க. மீனவர் பேரா வைன்னேன், கைக்கு வந்ததை வெச்சுது."

"கைக்கு வந்தது ஏசுராஜு ஒர்த்தன்தானா? அல்லாம் கத!" அவன் துடுப்பை மறுபடியும் தூக்கினான்.

"இருங்க! உங்க முன்னாடியே திரும்பக் கேக்கறேன். நீங்களே பாருங்க."

டீச்சர் போனை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தட்டினார். கூட்டம் நெருங்கி வந்தது. அந்த இனிப்புக் குரல் பேசியது: "அப்போது பின்னாலிருந்து பாய்ந்தான் மாரி."

பின்வரிசையில் கூடையோடு நின்ற மாரி துள்ளிக் குதித்தான். "த்தோ பார்றா! நானா? நான் அன்னிக்கு ஊர்லயே இல்லபா! மச்சினிச்சி கண்ணாலம், மாதவரத்துல கீறேன்!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். டீச்சர் மறுபடியும் தட்டினார். "அப்போது பின்னாலிருந்து பாய்ந்தார் அந்தோணி."

"எந்த அந்தோணி? இங்கயே மூணு பேரு கீறாங்கோ!"

"யோவ், எம் பேர இய்க்காத. நான் பல்லு வலின்னு வூட்ல பட்த்துக்கினு இருந்தேன்!"

இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவனும் அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்று போனைப் பார்த்தான். ஏழுமலையின் துடுப்பு மெல்ல இறங்கியது. ஏசுராஜின் பெண்டாட்டி கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்க்கத் தொடங்கினாள். இந்த முறை அவளை யாரும் தடுக்கவில்லை.

முத்தம்மாவுக்கு மூச்சு வந்தது. ஏசுராஜ் பிழைத்தான், வீடும் தப்பியது. அம்மனை மனதுக்குள் கும்பிட்டாள்.

"இன்னும் ஒரு தடவை கேக்கறேன்," என்று டீச்சர் விரலை நீட்டினார்.

ஈரமான ஒரு கை வந்து போனை மூடியது. சுப்பராயனின் கை.

"போதும் டீச்சர். அது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்ட்றேன்."

"யோவ், இன்னாயா பேசற? வா வூட்டுக்கு!" முத்தம்மா அலறினாள்.

"எம் பொண்ணு பாத்துகீறா முத்தம்மா. நோட்டுல எய்திகீறா. நான் கெட்டவன் இல்லன்னு எய்திகீறா." அவன் தேசப்பனின் பக்கம் திரும்பினான். "தேசப்பா, உங் கைய வெட்டுனது நான்தான். பின்னாடியிர்ந்து வெட்டுனேன்."

அடுத்த நொடி ஏழுமலையின் துடுப்பு சுப்பராயனின் வலது கையில் இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் விழுந்தான். இடுப்பில், முதுகில், தலையில் உதைகள் விழுந்தன. அவன் மறித்துக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை. முத்தம்மா அவன்மேல் விழுந்தாள், அவளுக்கும் விழுந்தது. தமிழ்நிலா ஓடிவந்தபோது காவேரி அவளை இடுப்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கை காலை உதறிக் கடித்தாள். காவேரி கடியை வாங்கிக்கொண்டு விடாமல் பிடித்திருந்தாள். "போவாதடி, உன்னியும் மிதிச்சிருவாங்கோடி" என்று அவள் அழுதுகொண்டே சொன்னதை டீச்சர் கேட்டார்.

தேசப்பன் படகை விட்டு இறங்கி நடந்து வந்தான். தம்பியின் துடுப்பை மூன்று விரலால் பிடித்தான்.

"வுடு ஏழுமல."

"ண்ணா, இவன்…"

"ரெண்டு வெரலுக்கு எத்தினி எலும்புடா? எத்தினி பேரு வாய ஒடைப்ப? வுடு." பிறகு சுப்பராயனைப் பார்த்து, "நாலு மாசமா என் மூஞ்சப் பாத்துப் பேசினு கீறியேடா நீ," என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. துடுப்பைக் கடல் பக்கம் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

*

காதரின் ஆட்டோவில்தான் இரண்டு பேரையும் ஏற்றினார்கள். ஏசுராஜால் வாயைத் திறக்க முடியவில்லை. இருந்தும் வழியெல்லாம் சுப்பராயனின் முறிந்த கையைத் தன் மடியில் வைத்து ஆடாமல் தாங்கிக்கொண்டு வந்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் காதர், "ஏசு, புட்ச்சிக்கோ" என்று முன்கூட்டியே சொன்னார். முத்தம்மாவும் மகளும் டீச்சரோடு இன்னொரு ஆட்டோவில் வந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது.

அரசு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, அங்கே பணியிலிருந்த போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார்.

ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "படகு கவுந்துச்சு சார். ரெண்டு பேரும் அடில மாட்டிக்கினாங்கோ."

"இல்ல சார்," என்றான் சுப்பராயன். "நான் சொல்றேன். ஆனா ஆனி மாசத்துலர்ந்து சொல்லணும்."

போலீஸ்காரர் அலுத்துக்கொண்டார். காத்திருப்பவர்கள் வரிசை நீளமாக இருந்தது. புருவத்தில் பிளாஸ்திரியோடு நின்ற மஹதி டீச்சரைப் பார்த்தார். "நீங்க டீச்சர்தானே மேடம்? அவர் சொல்றத எழுதிக் குடுங்க. கையெழுத்து வாங்கி வெச்சுக்கறேன்."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டார். சுப்பராயன் சொன்னான். அவர் எழுதினார். நடுவில் பேனாவை நிறுத்தினார்.

"சுப்பராயன், இதை எழுதினா உங்களை உள்ள வெச்சுடுவாங்க. முத்தம்மாவைக் கேட்டுக்கோங்க."

முத்தம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு, "எய்துங்க டீச்சரம்மா," என்றாள். "இன்னிக்கு வேற ஒர்த்தன் சாவப் பாத்தான். அதுக்கு மேல எனக்குத் தாங்காது. மீனு வித்துக் கஞ்சி ஊத்திக்கறேன். எய்துங்க."

எழுதி முடித்ததும் டீச்சர் படித்துக் காட்டினார். "'…சுப்பராயன் ஆகிய நான், கோபத்தில் நிதானமிழந்து, தேசப்பன் கையைப் பின்னாலிருந்து வெட்டினேன்.'"

"அது இன்னா டீச்சர், கோவத்துலன்னு ஒண்ணு வருது?"

"கோபத்துலதானே செஞ்சீங்க? போட்டா உங்களுக்கு நல்லதுன்னு…"

"நான் சொல்லலயே."

டீச்சரின் முகம் சிவந்தது. தலை குனிந்து அந்த இரண்டு சொற்களையும் கோடு போட்டு அடித்தார். தாளை அவனிடம் நீட்டினார்.

வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் பேனாவைப் பிடித்தான். முதல் எழுத்திலேயே தாள் நழுவியது. தமிழ்நிலா வந்து அவனருகே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போடு நைனா," என்றாள். "நான் புட்ச்சினு கீறேன்."